மோடம் கம்பெனிக்கு, ரூட்டர் வீட்டுக்கு

ஆகஸ்ட் பிறந்தால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். எல்லாம் புதிதாக வந்து இறங்கிய ஜூனியர்கள். முதல் வாரம் பொன்னி அரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். இரண்டாவது வாரம் பேங்க் அக்கவுண்ட். மூன்றாவது வாரம் இன்டர்நெட். இந்த வருஷமும் ஒருவன் கூப்பிட்டான்.

"அண்ணா, நல்ல ரூட்டரா ஒண்ணு சொல்லுங்களேன். கடைக்குப் போனோம், தலை சுத்துது. எட்டு கொம்பு வெச்சு சிலந்தி மாதிரி ஒண்ணு இருக்கு. முன்னூறு டாலர். மூணு பேர் ஷேர் பண்ணா நூறுதான். வாங்கிடலாமா?"

"வாங்காதே. முதல்ல பில்லை எடுத்துட்டு வா" என்றேன். "எந்த பில்லு?" என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. நானும் ஒரு காலத்தில் அந்த பில்லைப் பார்க்காதவன்தான்.

டிஸ்கி: நான் நெட்வொர்க் படிப்பவன் அல்ல. சிவில். கான்கிரீட்டில் ஆராய்ச்சி. வைஃபையைச் சுவர் எப்படித் தின்கிறது என்பதை மட்டும் கொஞ்சம் உரிமையோடு சொல்லலாம். மீதியெல்லாம் அடிபட்டுக் கற்றது.

நாங்கள் நாலு பேர் ஒரு அபார்ட்மெண்டில் இருந்தோம். கேபிள் கம்பெனிக்காரன் வந்து ஒரு கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டுப் போனான். மோடமும் ரூட்டரும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி. பில்லில் இன்டர்நெட்டுக்கு ஒரு வரி, அதற்குக் கீழே பெட்டி வாடகை என்று ஒரு வரி. மாதம் 14 டாலர். நாலாக வகுத்தால் ஆளுக்கு மூன்றரை. ஒரு காபிக் காசு. அதனால்தான் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இப்படி 22 மாதம் கட்டினோம். 308 டாலர். அதே மாதிரி மோடத்தைப் புதிதாகக் கடையில் வாங்கியிருந்தால் நூறுக்குள் முடிந்திருக்கும். அப்போது நான் நூலகத்தில் மணிக்கு 10 டாலருக்குப் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன். 30 மணி நேரம் அடுக்கிய காசு அது, நாலு பேரில் யார் அடுக்கியிருந்தாலும்.

இதை எழுதுகிற இந்த உரிமை, அதாவது "உன் பெட்டி வேண்டாம், என் பெட்டியை மாட்டிக்கொள்கிறேன்" என்று சொல்லும் உரிமை, அமெரிக்காவில் சும்மா வரவில்லை. ஒரு காலத்தில் இங்கே போன் கருவியே ஏடி அண்ட் டி கம்பெனியின் சொத்து. மாதா மாதம் வாடகை. வெளிச் சாமான் எதையும் அதில் மாட்டக்கூடாது என்று சட்டம் பேசினார்கள். போனின் வாய்ப்பக்கம் மாட்டும் ஒரு சாதாரண மறைப்பு, நாம் பேசுவது பக்கத்து நாற்காலிக்காரனுக்குக் கேட்காமலிருக்க. அதற்கு ஹஷ்-எ-ஃபோன் என்று பெயர். அதைக்கூட எதிர்த்து வழக்காடினார்கள். 1956இல் கோர்ட், மாட்டிக்கொள்ளலாம் என்றது. அப்புறம் டெக்சாஸ்காரர் ஒருவர், டாம் கார்ட்டர். வயர்லெஸ் ரேடியோவில் பேசுகிறவரை போன் லைனோடு இணைத்துவைக்கும் கருவி ஒன்றைச் செய்து விற்றார். அதற்கும் தடை. 1968இல் எஃப்சிசி ஆணையம் கார்ட்டர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. லைனுக்குக் கெடுதல் செய்யாத எந்தக் கருவியையும் வாடிக்கையாளர் மாட்டிக்கொள்ளலாம் என்று ஆனது. பிற்பாடு ஃபேக்ஸ் வந்தது, பதில் சொல்லும் மெஷின் வந்தது, டயல்-அப் மோடம் கடையில் கிடைத்தது, எல்லாம் அந்தக் கதவு வழியாக வந்தவைதான்.

இன்னும் வேடிக்கை ஒன்று உண்டு. சொந்தப் பெட்டியை மாட்டியவர்களிடமும் சில இடங்களில் பெட்டி வாடகை வசூலித்தார்கள்! கொடுக்காத பெட்டிக்கு வாடகை. இதை நிறுத்த 2019 டிசம்பரில் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. 2020 டிசம்பர் 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆக, சொந்த மோடம் வைத்திருக்கிற உங்கள் பில்லில் இன்னும் வாடகை வரி இருந்தால் தயங்காமல் போன் போடலாம். இரண்டாவது முறை போன் போட வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

சரி, பெட்டிக்கு வருவோம். மோடம் வேறு, ரூட்டர் வேறு என்பதே பாதிப்பேருக்குக் குழப்பம். நம் ஊர் கரண்ட் மாதிரி யோசித்தால் போதும். கம்பத்திலிருந்து வரும் வயர், மீட்டர் வரை ஈபிக்காரர் பொறுப்பு. மீட்டருக்கு இந்தப் பக்கம் சுவிட்ச் போர்டு, ஃபேன், லைட் எல்லாம் நம் பாடு. மோடம் என்பது மீட்டர் பக்கம். தெருவிலிருந்து வரும் கனத்த கேபிளில் ரேடியோ அலையாக வருவதை கம்ப்யூட்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றித் தருவது அதன் வேலை. அதோடு சரி. அதை நாலு ரூமுக்கும் பத்து போனுக்கும் பிரித்துக்கொடுப்பது, வைஃபையாக வீசுவது, வெளியாள் உள்ளே வராமல் வாசலில் நிற்பது, இதெல்லாம் ரூட்டர்.

இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். இடம் மிச்சம், வயர் மிச்சம். எனக்கு அது பிடிக்காது. காரணம், இரண்டுக்கும் ஆயுள் வேறு. நல்ல மோடம் ஒன்று ஏழெட்டு வருஷம் ஓடும், வேகத் திட்டம் மாறாத வரை அதைத் தொடக்கூட வேண்டாம். ரூட்டர் அப்படியல்ல, வைஃபை தலைமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. சேர்ந்த பெட்டியில் வைஃபை செத்தால் மோடத்தையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டும். இன்னொன்று, மோடத்துக்குள் ஓடும் மென்பொருளை நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் உங்களால் புதுப்பிக்க முடியாது. கேபிள் கம்பெனிதான் அந்தப் பக்கத்திலிருந்து அனுப்ப வேண்டும். மோடம் யார் வாங்கினாலும் பாதி கம்பெனியின் ஆள். வாசலில் நிற்கிறவனாவது நம் ஆளாக இருக்கட்டுமே. சில கம்பெனிப் பெட்டிகள் வீட்டுக்காரர் பெயரில் ஒரு வைஃபையும், தெருவில் போகிற அவர்கள் வாடிக்கையாளர்களுக்கு இன்னொரு வைஃபையும் சேர்த்தே வீசும். நீங்கள் போய் அணைத்தால்தான் அணையும்.

மோடம் எப்படித் தேர்ந்தெடுப்பது? இங்கே ரசனைக்கு வேலையே இல்லை. உங்கள் கேபிள் கம்பெனியின் தளத்தில் அவர்கள் ஏற்கும் மோடங்களின் பட்டியல் இருக்கும். உங்கள் வேகத் திட்டத்துக்கு எந்தெந்த மாடல் என்றும் அதிலேயே இருக்கும். அதற்கு வெளியே போகாதீர்கள். பெட்டியின் மேல் டாக்சிஸ் என்று ஒரு சொல்லும் ஒரு எண்ணும் போட்டிருக்கும். கேபிளில் டேட்டா எப்படிப் போக வேண்டும் என்ற விதித் தொகுப்பு அது. முதல் பதிப்பு 1997இல் வந்தது. 3.0 வந்தது 2006இல், 3.1 வந்தது 2013இல். 3.0 மோடத்தில் 8x4, 16x4, 32x8 என்று எழுதியிருப்பது எத்தனை சேனலைச் சேர்த்துப் பிடிக்கும் என்பது. கீழே வரும் சேனல் ஒன்றுக்குச் சுமார் 38 எம்பிபிஎஸ். எட்டு சேனல் என்றால் 304. காகிதக் கணக்குதான். அதே கேபிளில் உங்கள் தெருவே தொங்குகிறது என்பதை மறக்கக்கூடாது.

என்னைக் கேட்டால், குறைந்த வேகத் திட்டமாக இருந்தாலும் 3.1 மோடமே வாங்குங்கள் என்பேன். வேகத்துக்காக அல்ல. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

ரூம்மேட் ஒருவனுக்கு வீடியோவில் இன்டர்வியூ. முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவைத்தான், யாரும் படம் பார்க்காதீங்கடா என்று. நாங்களும் படம் பார்க்கவில்லை. நல்ல பிள்ளைகளாக ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். ஆனால் இன்னொருவன் அன்று காலைதான் கிராண்ட் கேன்யன் போய்விட்டுத் திரும்பியிருந்தான். அவன் தூங்கிக்கொண்டிருக்க, அவன் போன் ஆயிரத்துச் சொச்சம் போட்டோவைத் தானாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. இன்டர்வியூவில் நம்மாள் முகம் உறைந்துபோய் நிற்கிறது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. "கேன் யூ ஹியர் மீ" என்று அவன் கேட்டதுதான் பக்கத்து அறையிலிருந்த எங்களுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. அந்த வேலை கிடைக்கவில்லை. இன்டர்நெட்டால்தான் போயிற்று என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. அவன் ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அன்றைக்கு ஸ்பீட் டெஸ்ட் போட்டால் கீழிறங்கும் வேகம் 200. அப்புறம் ஏன்? கேபிள் இன்டர்நெட்டின் பரம்பரை வியாதி மேலேற்றும் பாதை குறுகலாக இருப்பது. இந்தக் கேபிள் முதலில் டிவிக்காகப் போட்டது. டிவியில் படம் வீட்டுக்கு வரும், வீட்டிலிருந்து எதுவும் போகாது. அமெரிக்க டிவியின் இரண்டாம் நம்பர் சேனல் 54 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதற்கு மேலே எல்லாம் டிவி எடுத்துக்கொண்டது. திரும்பிப் போகிற டேட்டாவுக்கு மிஞ்சியது 5 முதல் 42 வரையிலான ஒரு சந்து. இன்றும் பல ஊர்களில் அதே சந்துதான். சில கம்பெனிகள் அதை 85 வரைக்கும், 204 வரைக்கும் அகலப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். அது முடிந்த இடங்களில் மேலேற்றும் வேகம் பரவாயில்லை.

சந்து குறுகல் என்பது பாதி வியாதி. மீதிப் பாதி, சந்தின் வாயில் நிற்கும் வரிசை. மோடம், ரூட்டர் எல்லாவற்றிலும் டேட்டா காத்திருக்க ஒரு இடம் உண்டு. நினைவகம் மலிவாகிவிட்டது என்று அதைப் பெரிதாக வைத்துவிட்டார்கள். ரேஷன் கடையில் இருநூறு பேர் நிற்கும்போது ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவனும் கடைசியில்தானே நிற்க வேண்டும். போட்டோக்கள் இருநூறு பேர். பேச்சு அந்தத் தீப்பெட்டி. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ். வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் கோடெல் என்ற முறையைக் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்டார்கள். இதே நோக்கமுள்ள பை என்ற முறையை டாக்சிஸ் 3.1 மோடங்களில் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நான் 3.1 என்று அடித்துச் சொல்வது இதற்காகத்தான். ரூட்டர் வாங்கும்போதும் எஸ்கியூஎம் என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "கேமிங்" என்று எழுதியிருப்பதைவிட அந்த மூன்றெழுத்து மதிப்பு அதிகம். அதில் மேலேற்றும் வேகத்தை உண்மை வேகத்துக்கு ஐந்து பத்து சதவீதம் குறைத்துப் போட்டால், போட்டோ மெதுவாகப் போகும், இன்டர்வியூ நடக்கும்.

ஒரு மோடம் சிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்டெல் பூமா 6. இந்தச் சிப் உள்ள மோடங்களில் தாமதம் திடீர் திடீரென்று எகிறுகிறது என்பது 2016இல் வெளியே வந்தது. ஸ்பீட் டெஸ்டில் ராஜா மாதிரி இருக்கும், பேசும்போதும் விளையாடும்போதும் திக்கும். இன்றைக்கும் பழைய சாமான் விற்கும் இடங்களில் இவை மலிவாகக் கிடைக்கின்றன. மாடல் பெயரையும் பூமா என்பதையும் சேர்த்து ஒருமுறை தேடிவிட்டு வாங்குங்கள்.

பழைய சாமான் என்றதும் என் சொந்த அசட்டுத்தனம் ஞாபகம் வருகிறது. 22 மாதம் வாடகை கட்டியது தெரிந்து ஞானோதயம் வந்த கையோடு, ஊரை விட்டுப் போகும் சீனியர் ஒருவரிடம் 30 டாலருக்கு மோடம் வாங்கினேன். அவர் அரிசிக் குக்கரையும் இலவசமாகக் கொடுத்தார். எனக்கு ஏக சந்தோஷம். வீட்டுக்கு வந்து மாட்டி, கம்பெனிக்கு போன் செய்து, பெட்டியின் அடியிலிருந்த மேக் எண்ணைப் படித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம். "சார், இது எங்களுடைய பெட்டி" என்றார்கள். அது வாடகைப் பெட்டி! சீனியருக்கே தெரியாது. அவருக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர் விட்டுவிட்டுப் போனதை வாடகை கட்டிக்கொண்டே சொந்தம் என்று நினைத்திருக்கிறார். "டேய், நம்மளதுன்னுதான்டா நெனச்சேன்" என்றார் போனில். திருப்பித் தராத பெட்டிக்கு அவர் பெயரில் ஒரு தொகை ஏறி, அது வசூல் ஏஜென்சிக்குப் போயிருந்தால் அவருடைய கிரெடிட் ஸ்கோர் கெட்டிருக்கும். புது ஊரில் வீடு கிடைப்பதே பாடாயிருக்கும். நானே பஸ் ஏறிப் போய்ப் பெட்டியைக் கொடுத்து, ரசீது வாங்கி, போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். 30 டாலரை நான் கேட்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை. குக்கர் இன்னும் விசில் அடிக்கிறது :)

ஆகவே பழைய மோடம் வாங்குவதென்றால், பணம் கொடுப்பதற்கு முன்னால் மேக் எண்ணைக் கம்பெனியிடம் படித்துக் காட்டுங்கள். வாடகைப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் ரசீதை ஒரு வருஷமாவது வைத்திருங்கள். பாஸ்போர்ட் இருக்கும் ஃபைலிலேயே வைத்தாலும் தப்பில்லை.

இனி ரூட்டர். பெட்டி மேல் ஏஎக்ஸ்3000 என்று போட்டிருக்கும். 3000 எம்பிபிஎஸ் வரும் என்று நினைத்து வாங்குகிறோம். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் 574ஐயும் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் 2402ஐயும் கூட்டி, மேலே கொஞ்சம் தள்ளிச் சொன்ன எண். உங்கள் லேப்டாப் ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் பொதுவாகப் பேசும். அதிலும் ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் சொன்னதில் பாதி வரும். இரண்டு பஸ்ஸின் வேகத்தைக் கூட்டி 120 கிலோமீட்டர் வேகம் என்று போர்டு வைத்த கதை.

நமக்கு எவ்வளவு தேவை? நெட்ஃப்ளிக்ஸில் 4கே படத்துக்கு அவர்களே கேட்பது 15 எம்பிபிஎஸ். நாலு பேர் நாலு ரூமில் நாலு படம் பார்த்தாலும் 60. கிகாபிட் திட்டம், மூன்று பட்டை ரூட்டர், வைஃபை 7 எல்லாம் இரண்டு பெட்ரூம் மாணவர் வீட்டுக்கு எதற்கு? வைஃபை 7 சான்றிதழ் 2024 ஜனவரியில் தொடங்கியது. அதை முழுசாகப் பேசும் போன் நம் வீட்டில் யாரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கலாம். சாதாரண வைஃபை 6 ரூட்டர் இன்றைக்கு 60, 70 டாலருக்குக் கிடைக்கிறது. அது போதும்.

அபார்ட்மெண்டில் உண்மையான எதிரி பக்கத்து வீட்டு வைஃபை. 2.4 பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. என் படுக்கையிலிருந்து பார்த்தால் 27 வைஃபை பெயர்கள் தெரிகின்றன. மூன்று வாசலில் 27 குடித்தனம். போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில்தான் கசிகிறது. லேப்டாப், போன் எல்லாவற்றையும் 5 பட்டைக்கு மாற்றிவிட்டு, 2.4ஐ பிரிண்டருக்கும் பல்புக்கும் விட்டுவிடுங்கள். இரண்டு பட்டைக்கும் தனித்தனிப் பெயர் வைத்தால் எது எதில் இருக்கிறது என்று தெரியும்.

வைக்கும் இடம். இங்கேதான் என் படிப்புக்கு வேலை வருகிறது. நம்மாட்கள் ரூட்டரை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், தரையில், ஷூ ரேக்குக்குப் பக்கத்தில் ஒளித்துவைக்கிறார்கள். அதன் மேல் ஒரு துணி வேறு. வெளியே எடுத்து, வீட்டின் நடுவில், தலை உயரத்தில் வையுங்கள். இதற்கு ஒரு நீள ஈதர்நெட் வயர் வேண்டும், பத்து டாலர். எட்டு கொம்பு செய்யாத வேலையை அந்தப் பத்து டாலர் வயர் செய்யும். இங்கே அபார்ட்மெண்டுகளின் உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது. அலை சுலபமாகப் புகுந்து போகும். கண்ணாடி, ஃபிரிட்ஜ், மீன் தொட்டி, இவைதான் அடைக்கும்.

இதே கணக்கை ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது. போன வருஷம் லீவில் போனபோது, "அமெரிக்காவுல நல்ல ரூட்டர் கிடைக்குமே, வாங்கிட்டு வாடா" என்றார் அப்பா. 2000 சதுர அடி வரை எட்டும் என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பி ஒன்று வாங்கிப் போனேன். எங்கள் வீடோ ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கம்பி போட்ட கான்கிரீட் தளம். ஹாலில் பறந்தது. அடுக்களையில் நொண்டியது. மாடியில் ஒன்றுமே இல்லை. கம்பியும் கான்கிரீட்டும் 5 கிகாஹெர்ட்ஸை என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "இதுக்குத்தான் அங்க போய்ப் படிக்கிறியா" என்று அம்மாதான் கேட்டார். கடைசியில் மாடிக்கு ஒரு வயர் இழுத்து, அங்கே பழைய ரூட்டரை வைத்துச் சரிசெய்தேன். ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் அடாப்டரில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிள் மோடத்தை எடுத்துப் போகவே வேண்டாம். எங்கள் தெருவில் வருவது ஃபைபர். அதற்குச் சுவரில் வேறு பெட்டி.

பாதுகாப்பு பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற நச்சுநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் ரூட்டர்களிலும் அதுபோன்ற பெட்டிகளிலும் புகுந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எல்லோரும் ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று எஃப்பிஐயே கேட்டுக்கொண்டது. பெரும்பாலும் பழைய ஓட்டை அடைபடாத பெட்டிகள். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ரூட்டராக வாங்குங்கள், வந்ததும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கொஞ்சம் கைவேலை பிடிக்கும் என்றால், ஓபன்டபிள்யூஆர்டி போட முடிகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். கம்பெனி கைவிட்ட பிறகும் அது பல வருஷம் ஓடும், எஸ்கியூஎம்மும் அதில் கிடைக்கும். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலப் பெட்டியின் மூல நிரல் 2003இல் வெளியானதில் பிறந்தது அந்தத் திட்டம். ரூட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதைப் பார்த்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. சரி, அது என் வியாதி.

வாடகைப் பெட்டியே நல்லது என்று சொல்லும் கட்சியும் உண்டு. கெட்டுப்போனால் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம், பழுது வந்தால் "உங்கள் மோடம்தான் கோளாறு" என்று கம்பெனி கைகழுவ முடியாது. இரண்டாவது காரணம் நிஜம். அந்தப் பேச்சை நானே கேட்டிருக்கிறேன், அப்புறம் பார்த்தால் வெளியே கேபிள் மூட்டு துருப்பிடித்திருந்தது. நாலு மாத இன்டர்ன்ஷிப்புக்கு வேறு ஊர் போகிறவர் வாடகைக்கே எடுக்கட்டும். லேண்ட்லைன் போனும் அதே கம்பெனியில் வைத்திருப்பவர் மோடம் வாங்கும்முன் யோசிக்கட்டும், அதற்குப் போன் வசதியுள்ள தனி வகை வேண்டும். சில கம்பெனிகள் மோடத்துக்கு வாடகையே வாங்குவதில்லை. சிலவற்றில் பெட்டி திட்டத்தோடு சேர்ந்தே வருகிறது. அங்கே போய் சொந்த மோடம் என்று வீம்பு பிடிப்பது நம் காசைத்தான் வீணாக்கும். பில்லை எடுத்து வா என்று நான் சொல்வதே இதற்காகத்தான். 2024 ஏப்ரலிலிருந்து பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு திட்டத்துக்கும் மாதக் கட்டணம், கூடுதல் கட்டணங்கள், கீழிறங்கும் மேலேற்றும் வேகம் என்று ஒரு சீட்டு காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் சத்துக் கணக்கு போட்டிருக்குமே, அதே மாதிரி இருக்கும். சேர்வதற்கு முன்னால் அதைப் படியுங்கள்.

ஜூனியர் மறுநாள் பில்லை போட்டோ எடுத்து அனுப்பினான். மோடத்துக்கு வாடகை பூஜ்யம். ஆனால் வைஃபைக்கு என்று தனியாக மாதம் 10 டாலர். "மோடத்தை அப்படியே வெச்சுக்கோ, ரூட்டரை மட்டும் திருப்பிக் கொடு, அந்த பத்து டாலரை எடுக்கச் சொல்லு, ரசீது வாங்கு" என்றேன். 60 டாலருக்கு ஒரு ரூட்டர் வாங்கினார்கள். ஆறு மாதத்தில் காசு எடுத்துவிடும். சமையல் மேடைக்குப் பக்கத்து அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பா உயரத்தில் வைத்திருக்கிறார்கள். மைக்ரோவேவிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று மறுபடியும் போன். வேகம் சரியாக இல்லையோ என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"அண்ணா, மூணு பேரும் சேர்ந்து காசு போட்டிருக்கோம். மே மாசம் வீட்டைக் காலி பண்ணும்போது ரூட்டரை யாரு எடுத்துக்கறது?"

அரிசிக் கணக்கு எழுதும் நோட்டிலேயே இப்போதே எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடச் சொன்னேன்.